புல் அமுக்கிய சனிக்கிழமை

டக்கர்வெல்லின் ஜனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு. ட்ரூடி ஹக்கபி படிக்க ஹூஸ்டனுக்குப் போன பிறகு இருநூற்றுப் பதினொன்று. ஊர் எல்லைப் பலகையில் எண்ணை இன்னும் மாற்றவில்லை. எப்படியும் திரும்பி வந்துவிடுவாள் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். எதிரில் வருகிறவருக்கெல்லாம் 'குட் மார்னிங்' சொல்லி வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் வகுப்பில் மட்டும் நானூற்று முப்பது பேர். முதல் நாளே பத்து மணிக்குள் தொண்டை கட்டிவிட்டது. பதில் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் காவலாளி. இன்னொருவர், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஏழு வாரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு நாதியில்லை. அறையில் கூட இருக்கும் ஜோசலின், காதில் மாட்டியதைக் கழற்றினால் அல்லவா பேச?

ஞாயிறுதோறும் அம்மா போனில், "ஃப்ரெண்டு யாராச்சும் கிடைச்சாங்களாடி?" என்பாள். மூன்றாவது வாரம் ட்ரூடி வெட்கம் தாங்காமல் சூசன் என்று ஒருத்தியை உண்டாக்கினாள். சூசனுக்குச் சுருட்டை முடி, பூனை ஒத்துக்கொள்ளாது. அம்மா சூசனுக்காகவே பீகன் பருப்புப் போட்ட கேக் செய்து அனுப்பினாள். ட்ரூடி அதை மூன்று நாள் தனியாக உட்கார்ந்து தின்றாள்.

படிப்பை விட்டு விலகுவதற்கான படிவத்தைக் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்கு முந்தைய சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். ஜோசலினின் காதலன் வராததால் ஒரு டிக்கெட் மிஞ்சியது. "வர்றியா?" என்றாள். போனாள்.

டக்கர்வெல்லில் ஆட்டம் என்றால் பக்கத்துக்கு ஆறு பேர். அவ்வளவு பையன்கள்தான் தேறுவார்கள். முடிந்ததும் இரண்டு ஊர் ஜனமும் மைதானத்தில் இறங்கி, பெயர்ந்த புல்கட்டிகளைக் குழியில் வைத்துக் குதிகாலால் அமுக்கும். மழை காணாத சீமை. போன புல் போனதுதான். அமுக்கிக்கொண்டேதான் மாட்டு விலை பேசுவார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது என்று விசாரிப்பார்கள். பாதிரியார் உட்பட ஒருவரும் அமுக்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

இங்கே, ஜெயிக்கவே மாட்டார்கள் என்றிருந்த பல்கலைக்கழக அணி கடைசி நிமிஷத்தில் ஜெயித்துத் தொலைத்தது. மாணவர் கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்தில் குதித்தது. ட்ரூடிக்குக் கண் கலங்கிவிட்டது. அட, இங்கேயும் இந்த வழக்கம் உண்டா! இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவளும் குதித்தாள்.

கூட்டம் ஜெயித்த குஷியில் கோல்கம்பத்தைப் பிடுங்கிவிடப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. முதலில் கம்பத்தைக் கவனிப்பார்கள் போலிருக்கிறது என்று, அவள் பாட்டுக்கு ஒரு மூலையில் ஆரம்பித்தாள்.

ஜோசலின் ஓடி வந்தாள். "ஏய், என்னடி பண்ற?"

"அமுக்குறேன். அந்தக் கட்டிய எடு. வேர் கீழ இருக்கணும். மெதுவா மிதி."

தனக்குத் தெரியாத வழக்கம் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஜாதி இல்லை ஜோசலின். மிதித்தாள்.

முகத்தில் சாயம் பூசிய ஒருவன் வந்து நின்றான். "இது எதுக்கு?"

"ஜெயிச்சா இப்படித்தான் செய்யணும். இதுகூடத் தெரியாதா?" என்றாள் ஜோசலின்.

அவனும் மிதித்தான். கால் மணி நேரத்தில் முந்நூறு பேர் மிதித்தார்கள். குனிந்து மிதிக்கிறவர்களால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? பேச்சு வந்தது.

"நீ பயாலஜில எனக்குப் பின்வரிசைதான? உம் பேரு என்ன?"

ஏழு வாரமாகச் சொல்லாத பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ட்ரூடி" என்றாள்.

"ட்ரூடி, இந்தக் குழி போதுமா பாரு."

"ட்ரூடி, இங்க கட்டியவே காணோம்!"

அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை அவள் பெயர்தான். சந்தோஷத்தில் அழுகை வந்தது. புல்லைப் பார்க்கிறமாதிரி நன்றாகக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். "சூசன் எப்படி இருக்கா?"

"அவ காலேஜ விட்டே போறாம்மா."

"அடப்பாவமே! ஏனாம்?"

"அவளுக்கு இங்க யாருமே இல்லையாம்."

"நீ இருந்தியேடி?"

ட்ரூடி கையெழுத்துப் போடாத படிவத்தை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"இருந்தேம்மா. நான் மட்டுந்தான் இருந்தேன்," என்றாள். "அடுத்த கேக்க ஜோசலின் பேருக்கு அனுப்பு. பெருசா பண்ணு. இந்தத் தடவ பங்கு கேக்க ஆளு இருக்கு."