கிணற்றுக்கு விடும் மீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் வருஷம், என் மகளுக்கு எட்டு வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால்கள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, வீக்கமும் வற்றியது. போகிற போக்கில் அது இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் படுக்கை. ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, அழவிடக்கூடாது. அசையாமல் கிடந்தால் பிள்ளை தப்பும் என்றார்.

எட்டு வயதுப் பிள்ளையை ஆறு மாதம் எப்படி அசையாமல் கிடத்துவது என்று அவர் சொல்லவில்லை. அவர் படித்த படிப்பில் அது இல்லை போலும். முதல் கிழமையே அவள் இரண்டு தடவை கட்டிலிலிருந்து இறங்கி யன்னலில் ஏறி நின்றாள். என் மனைவி கெஞ்சினாள், நான் அதட்டினேன். அதட்டினால் அழுதாள். அழவிடக்கூடாது என்பதால் அதட்டவும் முடியாமல் போனது.

கந்தோரில் என் மேசைக்கு எதிர்மேசையில் படம் வரையும் பறங்கிக்காரர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். அவர் வீட்டு விறாந்தையில் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரும்புச் சட்டம் போட்ட தொட்டி ஒன்றை றிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு அதை வைத்தோம். மணல், பாசி, தண்ணீர். அவள் எழும்பாமலே எல்லாம் தெரிந்தது.

"சீவனைக் கண்ணாடிக்குள்ளை அடைச்சு வைக்கிறது பாவமில்லையே?" என்றாள் மனைவி.

"பிள்ளையைக் கட்டிலிலை அடைச்சு வைச்சிருக்கிறம். அதைப் பாரும்" என்றேன். அதன்பிறகு அவள் தொட்டியை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டாள்.

எந்த மீனோடு எந்த மீன் கூடி வாழும் என்பதில் பறங்கிக்காரருக்குப் பெரிய கண்டிப்பு. அழகைப் பார்க்காதே, வாயைப் பார் என்பார். ஒன்றின் வாய்க்குள் மற்றது போகுமானால், இன்றில்லாவிட்டால் நாளை அது போகும். அடுத்தது குணம். ஓடைகளில் பிடிபடும் ஒரு மீன் பார்க்க நல்ல அழகு, வாலில் சீப்புப் பல்லைப் போல இழைகள். ஆனால் ஒரு மூலையைத் தன் காணியாக்கிக்கொண்டு மற்றவற்றைக் கலைத்தபடியே இருக்கும். அது வேண்டாம். தனியே விட்டால் பயத்தில் இரை தின்னாமல் செத்துப்போகும் இனங்களைக் கூட்டமாகத்தான் விட வேண்டும். கடைசியில், மேலே ஓடுவது, நடுவில் ஓடுவது, அடியில் கிடப்பது என்று மூன்று தட்டுக்கும் ஆள் இருந்தால் இடச்சண்டை வராது.

அப்படித்தான் தெரிந்தெடுத்தோம். மேலே ஓட எட்டுத் தண்டியா, விரலிலும் மெல்லியவை. நடுவில் ஆறு கெண்டைப்பொடி. அதில் ஆணின் மூஞ்சி வெற்றிலை போட்ட வாயைப் போலச் சிவந்து கிடக்கும். சிங்களவர் அதற்கு வெற்றிலை சப்புகிறவன் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அடியில் இரண்டு அயிரை. பதினாறு சீவன்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடித் திரிந்தன. மகள் தலையணையில் கன்னத்தை வைத்தபடி பார்த்துக்கொண்டே கிடந்தாள். யன்னலை மறந்தாள். இரண்டு மாதத்தில் அவள் முகத்தில் இரத்தம் ஊறியது. டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இப்படியே போகட்டும் என்றார். அன்றைக்கு நான் பறங்கிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

நான் அவர் சொன்னதோடு நின்றிருக்கலாம். என்னைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அந்தக் காலத்தில் என் நினைப்பு.

தொட்டித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. மகள் நாள் முழுவதும் சோற்றுப் பருக்கையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரையைக் குறை, தண்ணீர் தானாகத் தெளியும் என்றார் பறங்கிக்காரர். எனக்கு அது ஒரு வைத்தியமாகவே படவில்லை. எங்கள் ஊரில் கிணறு வெட்டி ஊற்றுக் கண்டதும் ஒரு விரால் குஞ்சைக் கொண்டுவந்து விடுவார்கள். பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். என் ஐயாவின் வளவுக் கிணற்றில் நான் பிறக்கமுன் விட்ட விரால், நான் உத்தியோகத்துக்குப் புறப்பட்ட அன்றும் இருந்தது. அந்தக் கதையை மகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "மீனுக்குக் கிணத்தைப்போலப் பத்திரமான இடம் வேறை இல்லை" என்று முடிப்பேன். அவளுக்கு அது பிடிக்கும்.

கந்தோர்ப் பியூன் கம்பளையிலிருந்து ரெயிலில் வருகிறவர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். அவரிடம் வயல் வாய்க்காலில் ஒரு விரால் குஞ்சு பிடித்து வரச் சொன்னேன். போத்தலில் கொண்டுவந்தார். பெருவிரல் நீளம், செம்மஞ்சள் நிறம், நல்ல வடிவு.

"தொட்டியில விடவாங்க? வேணாங்க ஐயா. இது வளந்துச்சுன்னா மத்ததையெல்லாம் முழுங்கிப்புடும்" என்றார்.

"நீர் கிணறு கண்டிருக்கிறீரோ? மலையிலை பீலியாலை வடியிற தண்ணி குடிச்சு வளந்த ஆள் எனக்கு விரால் படிப்பிக்க வாறீர்" என்றேன். கந்தோரில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கு இனித்தது. இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

பறங்கிக்காரருக்குச் சொல்லவில்லை. விராலைத் தொட்டியில் விட்டேன். "இது கிணத்து மீன். தண்ணியைத் துப்புரவாக்கும். இதை ஒருத்தரும் எடுக்கக்கூடாது" என்று மகளிடம் சொன்னேன். தண்ணீரும் தெளிந்தது. அவள் இரை போடுவதை நான் அதற்குள் மட்டுப்படுத்தியிருந்தேன் என்பது பெருமையில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கிணற்று விரால் என்ன செய்கிறது என்று எங்கள் ஊரில் யார் கண்டது? கிணறு இருட்டு. தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் வேறு எது இருந்தது, எது இல்லாமல் போனது என்று ஒருவரும் கேட்டதில்லை.

விரால் வளர்ந்தது. சிவப்பு மங்கிக் கறுத்தது. ஒரு நாள் மகள், "ஐயா, தண்டியா ஒண்டைக் காணேல்லை" என்றாள்.

"பாசிக்குள்ளை நிக்கும்."

இரண்டு நாள் கழித்து, "இப்ப அஞ்சுதான் கிடக்கு, ஐயா" என்றாள்.

"படுத்துக்கிடந்து எண்ணினால் அப்பிடித்தான் தெரியும். சும்மா எண்ணி எண்ணி மனதைக் குழப்பாதை" என்று சத்தம் போட்டேன். நான் எழும்பிப் போய் எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணினால் பியூன் சொன்னது சரியென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொல்லவில்லை. தான் மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொன்றாகப் போவதை அந்தப் பிள்ளை தனியே கிடந்து பார்த்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் மனைவி காலையில் கோயிலுக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடுவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் கந்தோரிலிருந்து பின்னேரம் வந்தேன். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். காலையிலிருந்து சோர்வாகக் கிடக்கிறாள், கஞ்சியும் வேண்டாம் என்றுவிட்டாள் என்றாள் மனைவி. நான் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. நடுவில் விரால் தனியே நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு வந்த கோபம் என் மேல் வந்திருக்க வேண்டும். மீனின் மேல் வந்தது. வலையால் அதை அள்ளிச் செம்பில் போட்டுக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன். எங்கள் வீடு மலைச்சரிவில் இருந்தது. கிணறு கீழே, முப்பத்திரண்டு படி. படியோ செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். கிணற்றடிக்குப் போய்ச் செம்பை அப்படியே உள்ளே கவிழ்த்தேன்.

மேலே வந்து மகளின் பக்கத்தில் குந்தினேன். "அதைக் கொண்டுபோய் அதின்ரை இடத்திலை விட்டுட்டன். இனிப் பயமில்லை. வேறை மீன் கொண்டுவருவம்" என்றேன்.

"எங்கை விட்டனீங்கள்?"

"கிணத்திலை."

அவள் திரும்பினாள். உதடு நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"மிச்சம் நாலையும் நான் அங்கைதானே ஐயா கொண்டுபோய் விட்டனான்" என்றாள்.

தாய் கோயிலுக்குப் போன நேரத்தில் கதிரையில் ஏறி, மூன்று கெண்டையையும் ஒரு அயிரையையும் வலையால் பிடித்து, தேத்தண்ணிப் பேணியில் விட்டு, முப்பத்திரண்டு படியும் இறங்கியிருக்கிறாள். பிறகு முப்பத்திரண்டு படியும் ஏறியிருக்கிறாள். விராலை எடுத்து வெளியே போட்டிருக்கலாம், அது சின்ன வேலை. ஒருவரும் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். மீனுக்குக் கிணற்றைப்போலப் பத்திரமான இடம் இல்லை என்றும் நான்தான் சொல்லியிருந்தேன்.

மனைவி வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவள் இருந்த காலம் முழுக்க ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

டாக்டர் வந்தார். இந்த இருதய வருத்தத்தில் இப்படித்தான், படி ஏறாவிட்டாலும் வந்திருக்கும் என்றார். இரக்கமுள்ள மனிதர்.

பிறகு பன்னிரண்டு நாள் இருந்தாள். மூச்சு வாங்கியபடி தலையணையில் சாய்ந்து இருக்கத்தான் முடிந்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும், "போய்ப் பாருங்கோ, ஐயா" என்பாள். நான் கீழே இறங்குவேன். கிணற்றுக்கட்டின் மேல் கைவைத்துக் குனிந்து பார்ப்பேன். கீழே கறுப்புத் தண்ணீர், அதில் என் தலை, வேறு எதுவும் தெரியாது. திரும்பி ஏறுவேன்.

"நிக்குதுகளோ?"

"ஓம், நாலும் நிக்குது."

"அது?"

"அது ஒரு மூலையிலை படுத்துக்கிடக்கு. ஒண்டும் செய்யேல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"வடிவாப் பாத்தனான், ராசாத்தி."

பன்னிரண்டு நாளும் இதைச் சொன்னேன். அவள் நம்பினாளா, எனக்காக நம்பினது போல இருந்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை. என்னைக் கவலைப்படுத்தாமல் இருக்க அவளுக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் காலை அவளைக் கடைசியாகக் குளிப்பாட்ட அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது. வேறு யாரையும் அள்ள விடவில்லை. வாளி வாளியாக நானே இழுத்தேன். ஒவ்வொரு வாளியையும் குடத்தில் ஊற்றமுன் வெளிச்சத்தில் சரித்து அடிமட்டும் பார்த்தேன். பாசி இல்லை, பூச்சி இல்லை, செதில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மிகவும் சுத்தமாக இருந்தது.