வாளியக்கா வர்த்தகக் கொள்கை வகுத்த கதை

வாளியக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் அதைச் சொல்லமாட்டார். சொன்னால் என்ன ஆகும் என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டவர். மற்றவர்கள் சொல்வார்கள். எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் அதிகாரிகளும் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில்.

தொழில் பிளாஸ்டிக் வாளி. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாளித் தொழிற்சாலை இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. அவளுடைய பொருளாதாரம் மொத்தமும் அவ்வளவுதான். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாளிகளைத் தள்ளுவண்டியில் கட்டிப் பாலத்தைக் கடப்பாள். அடுத்த நாட்டுச் சந்தையில் விற்றுவிட்டு, அங்கே மலிவாகக் கிடைக்கும் போர்வைகளோடு திரும்புவாள். புருஷனின் தங்கையும் கூடவே ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். நாத்தனாரும் அண்ணியும் வீட்டில் எலியும் பூனையும், சாவடியில் நகமும் சதையும்.

சாவடியில் வரிசை நகரவே நகராது. லாரிகளுக்கு முதல் மரியாதை, தள்ளுவண்டிக்குக் கடைசி. காலையில் நின்றால் மத்தியானம் தாண்டிவிடும். ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. சுங்கக் கட்டடத்தின் பின்சுவர் இருந்தது, கூச்சம் அறவே இல்லை. பெண்களுக்கு அந்தச் சுவரும் கிடையாது. அதனால் அவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஒரு மடக்கு குடிக்கமாட்டார்கள்.

நாத்தனார் அப்படியே நின்று நின்று ஒருநாள் காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாகச் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டினார்.

"தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாது. இதெல்லாம் சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரியா சொல்லணும் உங்களுக்கு?"

"பொம்பளைன்னா அடக்கம் வேணும்னு சொல்லித்தான் டாக்டர் எங்களை வளர்த்தாங்க" என்றாள் வாளியக்கா. "அதான் அடக்கிக்கிட்டு இருக்கோம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாருக்கு வரவில்லை. அவள் அதற்குப் பிறகு பாலத்தின் பக்கமே போகவில்லை. தன் சரக்கை 'மீசை' என்ற தரகனிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். லாபத்தில் பாதி மீசைக்குப் போனது. மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக மீசையிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

இந்தச் சமயத்தில்தான் வட்டார வணிகப் பெண் தலைவர்கள் கூட்டமைப்பிலிருந்து போன் வந்தது. மூன்று நாட்டுப் பெண் தலைவர்கள் சேர்ந்து நடத்துவது. வங்கி நடத்தியவர்கள், கப்பல் கம்பெனி முதலாளிகள், பழைய செயலாளர்கள் என்று எல்லாரும் பெரிய தலைகள். மாநாட்டு மேடையில் 'அடிமட்டப் பிரதிநிதி' என்று ஒருத்தர் வேண்டுமாம். எல்லைச் சந்தைச் சங்கத்தில் பலருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், வாளியக்காதான் போனை எடுத்தாள். தேர்தல் அத்துடன் முடிந்தது.

"நீ போய் என்ன பேசப்போற?" என்று கேட்டார் புருஷன், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுடைய நல்ல புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில வர்றதைத்தான்."

"அதான் பயமா இருக்கு."

மாநாடு பெரிய ஓட்டலில். ஏ.சி. குளிரில் கை விறைத்தது. காலையிலிருந்து சிறு வணிகம், சிறு கடன், சிறு தொழில் என்று பேசினார்கள். பெண்கள் ஏன் எல்லை தாண்டிய வணிகத்திலிருந்து விலகுகிறார்கள் என்பதற்கு ஒரு பேராசிரியை திரையில் வண்ண வண்ணமாகக் கோடுகள் போட்டுக் காட்டினார். தன்னம்பிக்கைக் குறைவு ஒரு காரணமாம். வாளியக்கா பக்கத்து நாற்காலிக்காரியிடம், "இவங்க என் நாத்தனாரைப் பார்த்ததில்ல" என்றாள்.

கடைசியாக அவளைப் பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தாள்.

"காலையில இருந்து சிறு வணிகம், சிறு கடன்னு பேசினீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. சிறுநீரைப் பத்தி மட்டும் யாரும் பேசல. எங்க சாவடியில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்ல. அதான் வியாபாரத்தை விட்டுட்டுப் போறாங்க. அவ்வளவுதான். வணக்கம்."

வர்த்தகத் துறையிலிருந்து வந்திருந்த ஆண் அதிகாரிகள் விட்டத்தைப் பார்த்தார்கள். தொகுப்பாளினி, "மிகவும் யதார்த்தமான உரை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். மாலையில் தீர்மானங்களை வாசித்தார்கள். வாளியக்கா சொன்னது 'இதர அம்சங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே 'அடிப்படை வசதிகள் குறித்தும் கருத்துகள் பகிரப்பட்டன' என்று ஒடுங்கிக் கிடந்தது.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. புலம்ப இடம் தேடி ஓட்டலின் கழிப்பறைக்குள் போனாள். பளிங்குத் தரை, ஒரு மூலையில் சோபா. சோபாவைப் பார்த்ததும் ஆத்திரம் இன்னும் ஏறியது. "இதுக்குள்ள எவ உட்கார்ந்து கதை பேசப்போறா?" என்று வாய்விட்டே சொன்னாள்.

"நான்தான்" என்றது ஒரு குரல்.

சோபாவில் கூட்டமைப்பின் தலைவி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நிதித் துறையில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்ஜெட் போட்ட கை அது.

"நீங்க பேசினது சரி" என்றார் தலைவி. "எனக்கு அப்பவே எழுந்து கை தட்டணும்னு தோணுச்சு. தட்டல. பழக்கதோஷம்."

"சரின்னா ஏன் மேடம் அதைக் கொண்டுபோய் மூலையில போட்டீங்க?"

"கேளுங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க கட்டடத்துல பெண்களுக்குன்னு கழிப்பறை இல்ல. பக்கத்துக் கட்டடத்துக்குப் போகணும். நான் போறதைப் பார்த்து, மீட்டிங்ல பாதியில எழுந்து போறா, பொறுப்பில்லாதவன்னு எழுதி வெச்சாங்க. அதுக்கப்புறம் ஆபீஸ்ல தண்ணியே குடிக்கல. நாட்டோட நிதிக்கொள்கையை நாக்கு வறண்டுதான் எழுதினேன்."

வாளியக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோபா மெத்தென்றுதான் இருந்தது.

"சொன்னா இவங்களுக்குப் புரியாது" என்றார் தலைவி. "அடுத்த மாசம் ஒப்பந்தம் பேசறதுக்கு அமைச்சர்கள் வர்றாங்க. எல்லைச் சாவடியைச் சுத்திக் காட்டற பொறுப்பு நம்ம கூட்டமைப்புக்கு. உபசரிப்பை நீங்க பார்த்துக்கறீங்களா?"

வாளியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய அதிகாரிகளுக்கு அப்படி ஒரு முகம் வாய்த்துவிடுகிறது.

"தர்பூசணி வெட்டி வைக்கட்டுமா மேடம்?" என்றாள்.

"தாராளமா. எலுமிச்சை ஜூஸும்."

அமைச்சர்கள் வந்த நாள் நல்ல வெயில். அந்தப் பக்கத்து நாட்டு வர்த்தக அமைச்சர் ஒரு பெண். கஞ்சி போட்ட உடுப்பு, கஞ்சி போட்ட பேச்சு. இந்தப் பக்கம் ஓர் இணையமைச்சர், ஆண். வாளியக்கா குவளை குவளையாக நீட்டினாள். வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. தலைவி மட்டும் குவளையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

சிறு வணிகர்களின் அனுபவத்தை நேரில் உணரவேண்டும் என்று தலைவி நான்கு வரி பேசினார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். படத்துக்காகவே அமைச்சர்கள் கார்களை அனுப்பிவிட்டுத் தள்ளுவண்டி வரிசையில் நின்றார்கள். கார்கள் போனதும் லாரிகள் வந்து பாதையை அடைத்துக்கொண்டன. வரிசை வழக்கம்போல நகரவில்லை.

முதலில் நெளிந்தவர் இணையமைச்சர். சாவடிக் கண்காணிப்பாளர் அவரைப் பணிவோடு பின்சுவருக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. அதைப் பார்த்த பெண் அமைச்சருக்கு வியர்த்தது. கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தார். இறக்குமதி வரி பற்றி உதவியாளர் ஏதோ கேட்டார், அவர் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாளியக்காவின் காதருகே குனிந்தார்.

"நீங்கள்ளாம் இங்க என்ன பண்ணுவீங்க?"

"அடக்கிக்குவோம் மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும்."

சொன்ன பிறகு வாளியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அமைச்சர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். சுருண்டு விழுந்த நாத்தனாரின் முகம் அப்படியே கண்முன் வந்தது. பழிவாங்க வந்தவளுக்கு அந்த நிமிஷமே ருசி போய்விட்டது. "அடச்சே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, எதிர்த்திசையில் போர்வை மூட்டைகளோடு வந்த பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் இரண்டு லாரிகளுக்கு நடுவே போர்வைகளை விரித்துப் பிடித்து, முதுகைத் திருப்பி வட்டமாக நின்றார்கள். தன் அடுக்கிலிருந்து பெரிய வாளி ஒன்றை உருவி உள்ளே வைத்தாள் வாளியக்கா. யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் மரியாதைக்காகச் சத்தமாக இருமிக்கொண்டே இருந்தாள்.

அமைச்சர் வெளியே வந்தார். கஞ்சி கலைந்திருந்தது. போர்வை பிடித்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"உங்களுக்கு யார் பிடிப்பாங்க?" என்று கேட்டார்.

பெண்கள் போர்வைகளை மடிக்க ஆரம்பித்தார்கள். அவர் உதவியாளரைக் கூப்பிட்டு, "ஒப்பந்தத்துல முதல் ஷரத்து. எழுதிக்கோங்க" என்றார். பக்கத்தில் நின்ற தலைவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வாசகம் தயாராக இருந்தது: எல்லைச் சாவடிகளில் பாலின உணர்வுள்ள வணிக எளிதாக்கக் கட்டமைப்பு.

"இது என்ன மேடம்?" என்றாள் வாளியக்கா.

"கக்கூஸ்தான்" என்றார் தலைவி. "நிதித் துறைக்குப் புரியற பாஷையில."

சோதனை மேசையில் இளம் அதிகாரி வாளிகளை எண்ணிவிட்டு, "சீட்டுல இருக்கறதுக்கு ஒண்ணு குறையுதே?" என்றான்.

"அது அரசாங்க உபயோகத்துல இருக்கு" என்றாள் வாளியக்கா.

ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றாவது நாடும் பின்னாலேயே சேர்ந்துகொள்ள, மூன்று நாட்டுச் சாவடிகளிலும் கட்டினார்கள். இந்தச் சாவடியில் திறப்பு விழா தடபுடலாக நடந்தது. நாடா வெட்டியவர் இணையமைச்சர். மறுநாள் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. விருந்தினர்களுக்காகச் சுத்தமாக வைத்திருக்கிறார்களாம். சாவி கண்காணிப்பாளர் மேசையில். வாளியக்கா சண்டை போடவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு தடவை போய், அதிகாரிகள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, இன்ன காரணத்துக்காகச் சாவி வேண்டும் என்று உரக்க, விளக்கமாகக் கேட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கண்காணிப்பாளரே பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மீசை கொஞ்ச நாள் சாவடியில் வெறுமனே நின்றான். பிறகு குழாய், பீங்கான் சாமான் தரகுக்குப் போய்விட்டான். மூன்று நாட்டிலும் கட்டுகிறார்களே, கிராக்கி இருந்தது.

நாத்தனார்தான் கடைசியாக வந்தாள். முதல் நாள் பயந்து பயந்து இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தாள். அடுத்த வாரம் முழுப் பாட்டில். தொண்டை நனைந்ததும் வாய் திறந்துகொண்டது. பிடி வைத்த வாளிக்கும் பிடி இல்லாத வாளிக்கும் ஏன் வெவ்வேறு வரி என்று அதிகாரியைப் பிடித்துக்கொண்டாள். அவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான், அவள் விடவில்லை. வரிசை மொத்தமும் அவள் பின்னால் வாய் பார்த்து நின்றது.

"அண்ணி, அந்த மேடத்துக்குப் போன் போடுங்க" என்றாள். "இதை நானே பேசிக்கறேன்."

வாளியக்கா போனை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வண்டியின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். எப்படியும் நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.