கர்னல் பார்க்க வேண்டிய பாத்ரூம்

மாமனாரை முதன்முதலாகச் சந்தித்த அன்றே மாப்பிள்ளை அவருடைய சோப்பைக் கெடுத்துவிட்டான். அப்போது அவன் மாப்பிள்ளை ஆகியிருக்கவில்லை. கூட வேலை பார்த்த பெண் "எங்க அப்பாவை ஒருதடவை வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். பஸ் பிடித்து, தலையெல்லாம் புழுதியோடு போய் இறங்கியவன், முகம் கழுவலாமே என்று முன்னறையை ஒட்டிய பாத்ரூமுக்குள் நுழைந்தான். ரோஜா நிறச் சோப்பு, மடிப்புக் கலையாத துண்டு. வீடு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நன்றாகத் தேய்த்துக் கழுவினான். வெளியே வந்தால் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய அப்பா உள்ளே போய், மேலே பொறித்திருந்த எழுத்து அழிந்துபோன சோப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. எங்க ஊர்லயே முதல் பட்டதாரி நான்தான்."

"பட்டம் வாங்கின போட்டோ இருக்கா?"

"இருக்கு."

"கறுப்பு அங்கியோடயா?"

"அங்கியோடதான்."

சோப்புக் குற்றம் மன்னிக்கப்பட்டது. கல்யாணமும் நடந்தது. அந்தப் போட்டோ கண்ணாடி போட்டு முன்னறைச் சுவரில் ஏறியது. மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆட்டுக்குட்டி மேய்த்த கையால் பட்டம் வாங்கியவன், பெருமை இருக்காதா? சோபா, ஷோகேஸ், சோப்பு என்ற வரிசையில் தானும் ஒரு சாமானாகிவிட்டோம் என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

மாமனாரைத் தெருவில் எல்லாரும் பட்டாளத்தார் என்பார்கள். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், எதிரியின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கம்பளிக் கிடங்கில் வேலை. அவர் நடுங்கியதெல்லாம் சொந்தப் பட்டாளத்து மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளுக்குத்தான். அங்கே ஒரு வழக்கம். விவரமான சிப்பாய் ஒவ்வொருவனிடமும் சாமான் இரண்டு செட் இருக்கும்: புழங்க ஒன்று, காட்ட ஒன்று. காட்டுகிற பிரஷ் பல்லில் படாது, காட்டுகிற பூட்ஸ் மண்ணில் படாது. புழங்குகிற கிழிசலெல்லாம் அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். ஒருமுறை கர்னல் இவருடைய பெட்டியைப் பார்த்துவிட்டு, "பிரமாதம். ஒருநாள் உன் வீட்டையும் வந்து பார்க்கணும்" என்றார். சொன்னவர் அடுத்த பெட்டிக்கு நகர்வதற்குள் மறந்திருப்பார். கேட்டவரோ ஓய்வு பெற்று வந்து, அந்த ஒரு வாக்கியத்தின் மேலேயே வீட்டைக் கட்டினார்.

முன்பாதி கர்னலுக்கு, பின்பாதி குடும்பத்துக்கு. சோபாவின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. ஷோகேஸில் பீங்கான் கோப்பைகள் மினுங்க, குடும்பம் நசுங்கிய டம்ளரில் டீ குடித்தது. முன்பக்க பாத்ரூமில் வெள்ளை டைல்ஸ், உட்காரும் கோப்பை, அதன் மூடியில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர். வீட்டு ஆட்களுக்கு, துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, படியேறிப் போய்க் குந்துகிற கக்கூஸ். மற்றபடி அவரைப் போல ஒரு குடும்பஸ்தர் கிடைக்கமாட்டார். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், மகளின் படிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார், பின்பாதியில்.

அந்த ஷோகேஸின் தலையில் தூசி தட்ட ஸ்டூலில் ஏறித்தான் அவர் மனைவி, மாப்பிள்ளைக்கு அத்தை, விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். "குந்தவே கூடாது, படியேறக் கூடாது. மறுபடி விழுந்தா நடக்கிறதையே மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மகளும் மாப்பிள்ளையும் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, பட்டாளத்தார் ஒரு மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்து, சமையலறைக்குப் பின்னால் தயாராக நிறுத்தியிருந்தார்.

அத்தை அதைப் பார்த்தாள். "என்னங்க, இத்தனை வருஷமா அந்தக் கோப்பையைத் துடைக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து பார்க்கக் கூடாதா?"

"அந்த நேரம் பார்த்துக் கர்னல் வந்துட்டா?"

"கதவைத் தட்டட்டும். நான் குரல் குடுக்கிறேன்."

மாப்பிள்ளை கடைக்குப் போய், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கம்பியும், இரவலாக ஒரு டிரில் மெஷினும் கொண்டுவந்தான். பட்டாளத்தார் பாத்ரூம் வாசலை மறித்து நின்றார்.

"டைல்ஸ்ல ஓட்டையா? எம்.எஸ்சி. படிச்சவர் செய்ற வேலையா மாப்பிள்ளை இது?"

"சுவத்துல ஓட்டை போடக் கூடாதுன்னு எம்.எஸ்சி.யில சொல்லித் தரலையே மாமா."

"முடியாது."

"சரி மாமா." அவன் நேரே முன்னறைக்குப் போய்த் தன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினான். "இதை எங்க ஊருக்கே கொண்டு போயிடறேன். அங்க இன்னும் மதிப்பு ஜாஸ்தி."

போட்டோ இருந்த இடம் சுவரில் வெளிறித் தெரிந்தது. பட்டாளத்தார் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலை விட்டு நகர்ந்தார். டிரில் மெஷின் அலறியபோது காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். வேலை முடிந்ததும் மாப்பிள்ளை போட்டோவைப் பழைய இடத்திலேயே மாட்டினான்.

அத்தை கம்பியைப் பிடித்து எழுந்து பழகிய சில வாரத்தில் கர்னல் வந்தேவிட்டார். வருஷாவருஷம் வீட்டுக்கு வழி எழுதி இவர் அனுப்பிய வாழ்த்து அட்டைகள் வீண்போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்த கிழவருக்குக் காரில் அவசரம் முட்டியது. அட்டை ஞாபகம் வந்தது.

பட்டாளத்தார் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"பாத்ரூம் எங்கப்பா?" என்றார் கர்னல்.

மாமனார் கதவைத் தட்டினார். "இந்தா, கர்னல் வந்திருக்கார்."

"இருக்கச் சொல்லுங்க. இப்பத்தான் உட்கார்ந்தேன்" என்றது உள்ளிருந்து குரல்.

கர்னல் சோபா நுனியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிறீச்சிட்டது. கோப்பைகளையோ திரைச்சீலையையோ அவர் பார்க்கவில்லை; கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மெதுவாக வெளியே வர, அவர் விழுந்தடித்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அந்தக் கம்பி எங்க வாங்கினது? எங்க வீட்டுலயும் கேட்டுப் பார்த்துட்டேன். டைல்ஸ் கெட்டுப்போகும்னு மருமக விடமாட்டேங்கறா."

"நான்தான் சார் போடச் சொன்னேன்" என்றார் பட்டாளத்தார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். அத்தை சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"நல்ல யோசனை." கர்னலின் கண் சுவரிலிருந்த போட்டோவுக்குப் போனது. "இது யாரு, வக்கீலா?"

"எம்.எஸ்சி. சார்" என்று மாமனாரும் மருமகனும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"அப்படியா. நீ சமையல்கட்டுல இருந்தவன்தானே?"

கம்பளிக் கிடங்குக்காரர் இன்னும் கொஞ்சம் விறைத்தார். "ஆமா சார்."

கார் தெருமுனையில் திரும்பும்வரை சல்யூட் அடித்த கையை இறக்கவில்லை.

"எப்ப சமைச்சீங்க? சொல்லவே இல்லையே" என்றாள் அத்தை.

இப்போது அத்தை முன்னறையில் படுக்கிறாள். சோபாவின் உறையைக் கிழித்து எறிந்தாகிவிட்டது. போட்டோ சுவரில்தான் இருக்கிறது. பட்டாளத்தார் பின்கட்டில் இருக்கிறார். படியேறிப் பழைய கக்கூஸுக்கே போகிறார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கம்பியைப் பளபளவென்று துடைக்கிறார். அடுத்து அத்தை போய் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.