ரோட்டில் ஓடும் ரெண்டு அம்பாசிடர்

இனயம் கடற்கரை தொடங்கி மலையோரம் வரைக்கும் இன்னும் எத்தனை அம்பாசிடர் ஓடுகிறது என்று யார் கேட்டாலும், கிளீட்டஸ் யோசிக்காமல் ரெண்டு என்பார். ஒன்று இனயத்தில் அவருடைய வண்டி. மற்றது குலசேகரத்தில் எபிசனுடையது. டாக்சி ஸ்டாண்டில் கூடவே நின்ற வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கோட்டாற்றுப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. உதிரி சாமானும் கிடைப்பதில்லை. அதனால் ரெண்டு பேரும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். எவன் வண்டி முதலில் நிற்கிறதோ, அவன் அதிலுள்ள சாமானை எல்லாம் மற்றவனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதிலிருந்து வண்டியை நலம் விசாரிப்பதே வேறு மாதிரி ஆனது.

"ஏலே, உன் கிழவி இன்னும் சாகலியா?" என்று போனில் கேட்பான் எபிசன்.

"உன்ன அடக்கிட்டுத்தான் அவ போவா" என்பார் கிளீட்டஸ்.

மகள் ரெஜிஷாவுக்குப் பெண் பிறந்தது. கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடும் பிள்ளை. ரெஜிஷாவை ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனது இந்த வண்டிதான். ஊரில் பாதிப் பேரைக் கொண்டுபோனதும் இதுதான். பேத்தியும் ஞாயிற்றுக்கிழமை இதில்தான் போக வேண்டும் என்று கிளீட்டஸ் சீட்டுக்கு வெள்ளை உறை தைத்து வாங்கினார். வெள்ளிக்கிழமை கருங்கல் ஊர் ஏற்றத்தில் கியர்பாக்ஸ் நொறுங்கியது. கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

பேச்சுப்படி இனி அவர்தான் கொடுக்க வேண்டியவர். ஆனாலும் மறுநாள் குலசேகரத்துக்கு பஸ் ஏறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எபிசனிடம் கியர்பாக்ஸை இரவல் கேட்கலாம், அப்புறம் வண்டி முழுவதையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

எபிசன் வீட்டு முற்றத்தில் அம்பாசிடர் நின்றது. அதன்மேல் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தது. தினம் ஓடுகிற வண்டிமேல் யாரும் ஷீட் காயப்போட மாட்டார்கள்.

எபிசன் தலையைச் சொறிந்தான். "கியர்பாக்ஸு போயி கொஞ்ச மாசம் ஆச்சு மக்கா. சொன்னா மிச்சத்த நீ கழத்திட்டுப் போவியே. உன் வண்டி நிக்கட்டும், அதுல உள்ளத வாங்கி மாட்டலாம்னு இருந்தேன்."

கிளீட்டஸுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. தானும் இதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியதும் அதுவும் அடங்கிவிட்டது. எபிசன் மனைவி கொண்டுவந்த பால் விடாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஸ்டெனியின் புதுக் காரில் எல்லாரும் புறப்பட்டார்கள். ரெஜிஷா பிள்ளையை அப்பா மடியில் வைத்தாள். கிளீட்டஸுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.

"ஸ்டெனி, அங்க வளைவு உண்டு."

"தெரியும் மாமா."

பிள்ளை அவர் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கியது. மற்றக் கை அதன் தலைக்கு அடியில் இருந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.