கல்வெட்டின் நடுப்பக்கம்

எங்கள் தீவுப் பக்கம் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். செத்தவரின் படமும் தேவாரமும் புகழ்ப்பாட்டும் கொண்ட சிறு புத்தகம் அது. வேலணையில் அந்தப் பாட்டெழுதும் வேலை என்னுடையது. கஞ்சன், சண்டைக்காரன் எல்லோரையும் நாலு வெண்பாவில் சிவபதம் சேர்த்துவிடுவேன். என் நண்பனுக்கு அது பெரிய பகிடி.

"நீர் இல்லாட்டி இந்த ஊரிலை ஒருத்தரும் மோட்சம் போகேலாது. என்ர கல்வெட்டிலை மட்டும் உம்மட கைவரிசையைக் காட்டிப்போடாதையும்."

சரி என்று நானும் சிரித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தேன்.

அவன் கடவுள் இல்லை என்று எழுதுகிறவன். எழுதியதை ரோனியோ மெசினில் படியெடுத்து, பஸ்சுக்கு நிற்பவர்களின் கையில் திணிப்பான். பாதிப்பேர் தொடவே பயப்படுவார்கள். சாதி சொல்லி ஒரு பகுதிச் சனத்துக்கு ஊர்க் கோயில் கதவை ஏன் பூட்டுகிறீர்கள் என்று எழுதியபோது மொட்டைக்கடிதம் வந்தது. விசரன், அதையும் அடுத்த இதழில் அடித்தான். பிறகு ஒரு பின்னேரம் இரண்டு பேர் சைக்கிளில் வந்து வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்கள். வெளியே வந்தவனைச் சுட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அக்கா என்று கூப்பிடும் அவன் மனைவி என்னை வரச்சொல்லி ஆளனுப்பியபோது, கல்வெட்டுக்குத்தான் என்று விளங்கியது. பாட்டெழுதித் தரச்சொல்லி அவர் கேட்டால் மறுக்க எனக்கு வாய் வராது. அவனைப் பக்தனாக்கி அச்சடித்தால், சுட்டவர்கள் விட்ட மிச்சத்தை நான் முடித்ததாக ஆகிவிடும்.

அக்கா குசினிக்குள் போய் மா போட்டுவைக்கும் தகரப்பேணிக்குள் ஒளித்துவைத்த தாள்களை எடுத்து வந்தார்.

"தம்பி, மாமி அவரைப் பெத்த தாய், அவவுக்காக முன்னுக்கு ஒரு தேவாரம் போடுவம். பாட்டு வேண்டாம். நடுவிலை இதைப் போடுங்கோ. கோயில் கதவைப் பற்றி அவர் கடைசியா எழுதினது."

அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் நிம்மதிதான் முந்திக்கொண்டது.

பட்டணத்து அச்சகத்தில் தேவாரத்தை மேலே வைத்துத்தான் கொடுத்தேன். முதலாளி முதற்பக்கத் தேவாரத்தைப் பார்த்து, "கல்வெட்டுத்தானே?" என்று வாங்கி வைத்தார். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. அந்தியேட்டிக்கு வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, அந்தக் கோயில் மனேச்சரின் வீட்டுக்கு ஓர் அலுவலாகப் போனேன். சாமியறை திறந்திருந்தது. பிள்ளையார் படத்துக்குக் கீழே, திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய கல்வெட்டு. நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"கல்வெட்டை எறியேலாது, பாவம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வாசிச்சனான்" என்றார்.

கோயில் கதவு அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. ஆனாலும் படலையைத் தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனில்லாமல் தனியே சிரித்தேன். உம்மை நான் மோட்சத்துக்கு அனுப்பவில்லை ஐசே, சாமியறை வரைக்கும்தான்.