ஏழு சென்னியப்பர்களும் நாலாம் பாரமும்

வெண்ணந்தூருக்குக் கிழக்கே, பருத்திக் காடுகளின் நடுவே, ஆலங்காட்டுப்பாளையம் என்னும் சிற்றூரில் ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் குமாஸ்தா அர்த்தநாரி. நெற்றி நிறையத் திருநீறும் காதிடுக்கில் ஒரு பென்சிலுமாக அவர் பதினாறு ஆண்டுகள் செய்த பணி ஒன்றே: மாணவரை எண்ணுதல். ஆண் எத்தனை, பெண் எத்தனை, குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை, தேறியவர் எவர், தேறாதவர் எவர் என்று கட்டம் கட்டி நிரப்பிச் சேலத்துக்கு அனுப்புவார். தேறியவர்க்கு ஒரு விரற்கடை இடமும் தேறாதவர்க்கு ஒரு சாண் இடமும் விட்டுக் கோடு போடவேண்டும் என்பதை அவருக்கு அனுபவம் கற்பித்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டில் அவர் தலைக்கு ஓர் இடர் வந்தது. நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், பன்னிருவருக்குக் குறைந்தால் அந்த வகுப்பை மூடிவிடுவதென்று மேலிடம் உத்தரவிட்டது. வகுப்பு மூடினால் பள்ளி நடுநிலைப் பள்ளியாகச் சுருங்கும். நடுநிலைப் பள்ளிக்குக் குமாஸ்தா கிடையாது. அர்த்தநாரி பதிவேட்டைத் திறந்து எண்ணினார். சரியாகப் பன்னிருவர். இறைவனை வாழ்த்தி அறிக்கையை அனுப்பினார்.

அப் பன்னிருவரில் எழுவரின் பெயர் சென்னியப்பன்.

இதில் சூது ஒன்றும் இல்லை. அவ்வூர்ச் சென்னியப்பக் கவுண்டருக்கு ஆண்மக்கள் எழுவர். தலைமகனுக்குப் பாட்டன் பெயரை இடுவது அந்நாட்டு மரபு. ஆகவே எழுவர் வீட்டிலும் தலைமகன் சென்னியப்பன் ஆனான். பள்ளியில் வெவ்வேறு வகுப்புகளில் சேர்க்க எழுவரையும் ஒரே கூட்டுவண்டியில் ஏற்றி வந்தவர் பாட்டனார். பொறுப்பாளர் பெயர் யாது என்று கேட்டபோது, "எம்பட பேரயே எழுதிக்க சாமி. அவுங்கப்பனுகளுக்குப் பொறுப்பு ஏது?" என்று எழுவருக்கும் தம் பெயரையே கொடுத்தார். வயதில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நான்காண்டு இடைவெளி. எனினும் மூத்தோர் ஆண்டுதோறும் தவறித் தவறிப் பொறுமையோடு காத்திருக்க, இளையோர் வந்து கூடிக்கொள்ள, மூன்றாம் பாரத்தில் எழுவரும் சங்கமமாயினர். அவர்கள் அவ்வகுப்பைக் கடந்தால் குலதெய்வத்துக்கு ஏழு மொட்டையும் ஒரு கெடா விருந்தும் தருவதாகப் பாட்டனார் நேர்ந்துகொண்டார். தெய்வம் இரங்கிற்று.

சேலத்தில் கல்வி அதிகாரி கல்யாணராமன் அறிக்கையைப் படித்தார். சென்னியப்பன், சென்னியப்பன் என்று ஏழுமுறை வரக் கண்டு, ஒருவனையே எழுவராக்கிய மோசடி என்று முடிவுசெய்து, ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்து இறங்கினார்.

விதி வலிது. அன்று விடியலில்தான் நேர்த்திக்கடன் நிறைவேறியிருந்தது. எழுவருக்கும் மொட்டை, மொட்டையில் சந்தனம், வெண்ணந்தூர்த் தறியில் ஒரே பாவில் நெய்த துணியில் தைத்த சட்டை. உச்சிப் பொழுதில் விருந்து. பள்ளியில் வேலை முடிந்த கணமே ஓடிவர வேண்டும் என்பது பாட்டனார் கட்டளை.

அதிகாரி தலைமை ஆசிரியர் அறையில் அமர்ந்து, மாணவரை ஒவ்வொருவராக அழைத்து, எல்லாருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துத் தாளில் எழுதி வாங்கினார்: ஒரு வண்டி மணிக்கு மூன்று மைல் செல்லும், பதினெட்டு மைல் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்? எழுதியவன் தாளை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே கெடா விருந்தை நோக்கிப் பாய்ந்தான். முன்வாசலில் அடுத்த மொட்டை நுழைந்தது.

நான்காம் மொட்டையில் அதிகாரி நிமிர்ந்தார். ஏழாம் மொட்டையில் மேசையைக் குத்தினார்.

"ஓய் குமாஸ்தா! பின்னால் போகிறவன் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறான். என்னைக் குருடன் என்று நினைத்தீரா?"

"அய்யோ, இல்லீங்க சாமி. ஏழு பேருங்க. அண்ணந்தம்பி மக்கங்க."

"அப்படியானால் எழுவரையும் என் முன்னே நிறுத்தும்."

அர்த்தநாரி பின்வாசலில் எட்டிப் பார்த்தார். பருத்திக் காட்டுக்கு அப்பால் ஒரு மைல் தொலைவில் ஆறு சந்தனத் தலைகள் பளபளத்துச் சென்றுகொண்டிருந்தன. ஏழாவதும் வரப்பேறிவிட்டது.

"கறி ஆறிப் போயிருமுன்னு போயிட்டாங்க," என்றார்.

"எனக்கு இன்னும் கால் மணியில் பஸ். இந்த வகுப்பில் அறுவரே என்று எழுதப்போகிறேன்."

அப்பள்ளியின் ஒரே மாணவி வசந்தாமணி கடைசியாகக் கணக்கு எழுத வந்து நின்றாள். அதிகாரி அவளைக் கேட்டார்: "பெண்ணே, பொய் சொல்லாதே. உன் வகுப்பில் சென்னியப்பன் எத்தனை பேர்?"

"ஏழு பேருங்க. ஒருத்தன் இருந்தாலே போதும், எங்க வாத்தியாரு தலைவலின்னு ஊட்டுக்குப் போயிருவாருங்க. ஏழு பேரு இருந்தா அவரு என்னங்க பண்ணுவாரு?"

"சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்," என்றார் அதிகாரி. வசந்தாமணி நின்றபடியே 'ஆறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

திருச்செங்கோட்டு மலைமேல் ஓருடலில் இருவர் நிற்கக் கண்டு கும்பிடும் நாடு அது. ஒரு பெயரில் எழுவர் நிற்பது அர்த்தநாரிக்கு இயல்பாகவே தோன்றியது. அதை மெய்ப்பிப்பது எங்ஙனம் என்பதுதான் தோன்றவில்லை. அவர் கண் மேசைமேல் கிடந்த தாள்களில் விழுந்தது. ஏழு தாள்களையும் எடுத்து வரிசையாகப் பரப்பினார்.

முதலாம் சென்னியப்பன், ஐம்பத்துநான்கு மணி என்றிருந்தான். இரண்டாமவன், இருபத்தொன்று. மூன்றாமவன், பதினைந்து. நான்காமவன், மயிலைக்காளை என்றால் ஐந்து. ஐந்தாமவன், வண்டி யாருடையது என்று கேட்டிருந்தான். ஆறாமவன், வழியில் சந்தை இருந்தால் நாளைக்குத்தான் என்றிருந்தான். ஏழாமவன் ஒரு வண்டியின் படம் வரைந்து, அச்சாணி இல்லை என்று குறித்திருந்தான்.

"பாருங்க சாமி," என்றார் அர்த்தநாரி. "ஒருத்தனே ஏழு தடவ வந்திருந்தா, தட்டுத் தடுமாறி ஒரு தடவயாச்சும் ஆறுன்னு எழுதியிருப்பானுங்க. இத்தன வெதமாத் தப்பு பண்ண ஒரு மண்டைக்கு ஆகுமுங்களா? இது ஏழு பேரு தனித்தனியாப் பாடுபட்டதுங்க."

அதிகாரி ஏழு தாள்களையும் மீண்டும் படித்தார். காளையைப் பற்றிய தாளில் நின்றார். அச்சாணியில் அவர் உதடு துடித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். தலைமை ஆசிரியர் தங்கமுத்து, தாமும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"ஏழு அறியாமைகள். ஐயமே இல்லை," என்று சொல்லி அதிகாரி பேனாவைத் திறந்தார். மாணவர் தொகை பன்னிரண்டு, சரியானது; கணிதம் சொல்லத்தக்கதாக இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஐந்தாமவனுக்குத் தெரியட்டும் என்று, வண்டி சர்க்காருடையது என அத்தாளின் ஓரத்தில் விடையும் எழுதினார்.

நாலாம் பாரம் பிழைத்தது. ஆண்டிறுதித் தேர்வில் வசந்தாமணியும் மற்ற நால்வரும் தேறி ஐந்தாம் பாரத்துக்குப் போயினர். புதிதாக வந்தவர் ஐவர். சென்னியப்பர் எழுவரும் இருந்த இடத்திலேயே இருந்தமையால், மறு ஆண்டும் அர்த்தநாரி பதிவேட்டைத் திறந்து எண்ணியபோது பன்னிருவர் குறைவின்றி இருந்தனர். அவர் அன்று மாலையே கவுண்டர் வீட்டுக் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.