மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஐஸ்

போன மாதம் உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். சுவரில் மாட்டியிருந்த டப்பாவை அமுக்கினால் ரோஸ் நிறத்தில் சோப்புத் தண்ணீர் வந்தது. தேய்த்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. நாரத்தம்பூ மாதிரி, கொஞ்சம் பாதாம் மாதிரி, ஒரு மட்டமான இனிப்பு. கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "கழுவிட்டீங்கன்னா நகருங்க சார்" என்றார். நகர்ந்தேன். கள்ளக்குறிச்சி வந்து சேரும்வரை கையைப் பஸ் ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டே வந்தேன். வாசனை போகவில்லை.

உங்களுக்கு அது சோப்பு வாசனை. எனக்கு அது மூன்று வருஷப் பிழைப்பு. அசிட்டோபீனோன் என்று பெயர். பென்சீனிலிருந்து அதைச் செய்தோம். தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. முதலாளி மெட்ராஸ்காரர். மாதத்துக்கு ஒருமுறை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். சோப்புக்கும் செண்டுக்கும் வாசனை போடுகிறவர்கள் எங்கள் சரக்கை டிரம் டிரம்மாக வாங்கினார்கள். நான் பி.எஸ்சி. வேதியியல். எங்கள் தெருவில் முதல் டிகிரி. அரசாங்க வேலைக்கு எழுதி எழுதி அலுத்து இந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தேன். சூப்பர்வைசர் என்று பெயர். எனக்குக் கீழே நான்கு பேர்.

அந்த வாசனை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. எனக்குப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை பொம்பளை மாதிரி செண்ட் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அந்த வீட்டில் பேசிச் சிரித்தார்களாம். அந்த இடம் தட்டிப்போயிற்று. என் மூஞ்சியால் தட்டிப்போனது என்று சொல்ல மனமில்லாமல் இன்றுவரை அசிட்டோபீனோன் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பென்சீன் ஆறு கார்பன் சேர்ந்த ஒரு வளையம். தன்பாட்டுக்கு நிம்மதியாகக் கிடக்கும். வெளியிலிருந்து ஒரு கார்பன் கூட்டத்தைக் கொண்டுபோய் அதன்மேல் ஒட்ட வேண்டுமென்றால் லேசில் சேர்த்துக்கொள்ளாது. அதற்கு நீரற்ற அலுமினியம் குளோரைடு வேண்டும். இந்த வழியைக் கண்டுபிடித்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களின் பேர்தான் பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்கள் ஆட்கள் அதைப் 'பவுடர்' என்பார்கள். மஞ்சள் வெளுப்பாக இருக்கும். டிரம் மூடியைத் திறந்தால் காற்றில் இருக்கிற ஈரம் பட்டே வெள்ளையாகப் புகையும். புரட்டாசி இறுக்கத்தில் சொல்லவே வேண்டாம். தொண்டை எரிந்து இருமிச் சாவோம்.

வளையத்தில் ஒட்டுகிற கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒட்டியதும் வளையத்தை இளக்கிவிடும். அதன் பின்னாலேயே இன்னொன்று, மற்றொன்று என்று வரிசையாக வந்து ஏறிக்கொள்ளும், நிறுத்த முடியாது. எங்கள் வகை அப்படி இல்லை. ஒன்று ஒட்டியதும் வளையம் கதவைச் சாத்திக்கொள்ளும். இதை இட ஒதுக்கீட்டோடு முடிச்சுப் போட்டு அழகாகப் பேசிய வாத்தியார்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்த அழகெல்லாம் வேண்டாம். நான் சொல்ல வந்தது ஐஸைப் பற்றி.

வினை முடிந்த பிறகு செய்த சரக்கைப் பவுடர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டால்தான் விடும். ஆனால் வெறும் தண்ணீர் பட்டால் கொதித்துச் சீறும். அதனால் ஐஸ். காலையில் கெட்டில் என்கிற பெரிய மூடிய அண்டாவில் எல்லாவற்றையும் போட்டு ஓட்டிவிடுவோம். மூன்று மணிக்கு உளுந்தூர்பேட்டை ஐஸ் ஃபேக்டரியிலிருந்து லாரி வரும், உமி போட்டு மூடிய ஐஸ் பாறைகளோடு. முன்னாலேயே வாங்கி வைத்தால் உருகிப்போகும் என்பதால் பேட்ச் முடிகிற நேரத்துக்குத்தான் ஐஸ் வரும். அதை உடைத்து மரத்தொட்டியில் நிரப்பி, கெட்டிலின் அடி வால்வை நூல் மாதிரித் திறந்து, கறுப்புக் குழம்பை அதன்மேல் விட வேண்டும். ஒருவர் வால்வைப் பிடிப்பார். ஒருவர் துடுப்பால் கிளறுவார்.

கிளறுகிறவன் வெள்ளையன். கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலைக்கும் மேலே ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். நான் அவனை 'வாடா போடா' என்பேன். அவன் என்னை 'சார்' என்பான். அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. 'இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி சார், பவுடர தொறக்காதீங்க' என்று அவன் மோந்து பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும். அசிட்டோபீனோனை நாரத்தம்பூ என்று முதலில் சொன்னதும் அவன்தான். மலையில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாரத்தை இருந்ததாம். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் திங்கள் காலை வந்துவிடுவான், மடியில் கடுக்காயோ புளியோ கட்டிக்கொண்டு. மூத்த மகளை மலைமேல் இருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்திருந்தான். அது நாலு எழுத்து படிக்கிற வரைக்கும் இந்தக் கொட்டகையை விடமாட்டேன் என்பான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. எங்கள் சாதி ஆட்கள் மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்கோ போலீஸ் சுட்டுவிட்டது என்று பேச்சு. அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். எங்கள் தெரு முழுக்கத் தேடினாலும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் ஒருவன் கிடையாது. நானே ராத்திரியில் போய்ச் சுவரில் எழுதிவிட்டு வந்தவன்.

போராட்டம் முடியும் வரைக்கும் பேட்ச் போட வேண்டாம் என்று முதலாளி முன்னாலேயே சொல்லியனுப்பியிருந்தார். நான் போட்டேன். ஏன் போட்டேன்? எலவனாசூர்கோட்டை மறியலில் நிற்பது என் தாய்மாமன் மகன். நம்ம ஆளுங்கதான் நிற்கிறார்கள், நம்ம வண்டியை விடாமலா போவார்கள் என்ற திமிர். எல்லாருக்கும் மூடிய ரோடு எனக்குத் திறக்கும் என்று நான்கு பேர் முன்னால் காட்டிக்கொள்ள ஆசை. முந்தின நாளே லாரிக்காரனைப் பிடித்து, என் பேரைச் சொன்னால் விடுவார்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கெட்டிலை ஓட்டினேன். வெள்ளையன் ஒரு தடவைதான் கேட்டான், ஐஸ் வருமா என்று. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று, லாரி வரவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் கிடந்த மரங்களுக்கெல்லாம் கொல்லையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு எலவனாசூர்கோட்டை போய்ச் சேர்ந்தேன். ஊர் எல்லையில் பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் ஐஸ் லாரி. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளைமேல் உட்கார்ந்து என் மச்சான் பீடி குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டான்.

"உனுக்கு மட்டும் வழி வுட்டா, பின்னால நிக்கிறவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றான். "வண்டி போவாது மச்சான். ஐஸ வோணும்னா தூக்கிக்கினு போ. பசங்கள வுட்டு இந்தாண்ட எறக்கித் தரச் சொல்றேன். இங்க யாராச்சும் மாட்டு வண்டி குடுப்பாங்க."

பக்கத்தில் நின்ற ஒருவன், "சூப்பரைசரு தலையில ஐஸு தூக்குவாரா? தல வெறச்சிப்பூடும்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த இடத்தைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். மரத்தைத் தாண்டி இறக்கி, மாட்டு வண்டியில் உமியைப் போட்டு மூடினால், இருட்டிய பிறகாவது பாதி ஐஸ் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கும். எனக்கு அந்தச் சிரிப்புதான் பெரிதாக இருந்தது. மச்சானைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வெறுங்கையோடு.

கொட்டகையில் நால்வரும் வாசலிலேயே நின்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், தரமாட்டேன் என்றுவிட்டார்கள் என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

குழம்பை அப்படியே விட்டால் மறுநாளைக்குள் தாராகக் கறுத்துவிடும். முதலாளி பேச்சை மீறிப் போட்ட பேட்ச். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டி நிறைய விடு, மெதுவாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்றேன். வெள்ளையன் நகரவில்லை.

"கறுத்தா கறுத்துட்டுப் போவட்டும் சார். ஐஸ் இல்லாம வோணாம்."

"நீ பி.எஸ்சி. படிச்சியா, நான் படிச்சனாடா?" என்றேன்.

அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். கொட்டகையில் கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் மேஜைமேல் தொங்கும். நான் போட்டுக்கொண்டு வால்வைப் பிடித்தேன்.

முதலில் சரியாகத்தான் போயிற்று. பிறகு தண்ணீர் சூடேறிப் புகை கிளம்பியது. வால்வில் ஏதோ கட்டியாக அடைத்துக்கொண்டது. வெள்ளையன் குனிந்து துடுப்பு நுனியால் குத்தினான். நான் வால்வை முழுக்கத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள். அடைத்தால் திற, அவ்வளவுதான் என் படிப்பு. மொத்தமும் ஒரே கொட்டாகத் தண்ணீரில் விழுந்தது. தொட்டியே எழும்பின மாதிரி இருந்தது. வெள்ளையன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பம்புசெட்டுக்கு இழுத்துப்போய்க் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். பிறகு மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவன் பிடித்துக்கொள்ள, கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். வழியில் நான்கு இடத்தில் மரம். ஒவ்வொரு இடத்திலும் மறியல்காரர்களே ஓடி வந்து அவனையும் மொபெட்டையும் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருவன் கேட்கவில்லை. ஒருவன் தன் துண்டை நனைத்து அவன் கண்மேல் போட்டான். இதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள்மேல் பழியைப் போட எனக்கு வழியில்லை.

அப்போது நாங்கள் போன ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்று டாக்டர் கிடையாது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ரோடு திறக்க அந்த வாரம் முடிய வேண்டியிருந்தது. பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது ஒரு கண் போயிருந்தது. மற்றதில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும் என்றார்கள். முதலாளி வந்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லியும் வெள்ளையன் போடவில்லை என்று என்னை எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளையனை அவன் மச்சினன் வந்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆறு மாதத்தில் கொட்டகையை மூடிவிட்டார்கள்.

எனக்கு? எனக்கு நல்லதே நடந்தது. ஒதுக்கீடு வந்தது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் வேலை கிடைத்தது, அந்த ஒதுக்கீட்டில்தான். பென்சீன் வளையத்தை முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்தேன். அசைலேற்றம், அதாவது கொட்டகையில் நாங்கள் செய்த அதே வினை, வரும்போது, கடைசியில் ஐஸில் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஏன் ஐஸ் என்று கேட்ட பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

வெள்ளையன் செத்துப்போனான் என்று கூட வேலை செய்தவன் ஒருவன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொன்னான். அப்போதுதான் முதல்முறையாக அவன் ஊருக்குப் போனேன். அவன் மனைவி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என் பேரைச் சொன்னதும் எழுந்துவிட்டாள். மகளைப் பற்றிக் கேட்டேன். அப்பனுக்குக் கண் போன வருஷமே பள்ளியை விட்டு நின்று, கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டது என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"உங்களப் பத்தி சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாருங்க. அவுங்க ஆளுங்களே வழி மறிச்சிட்டாங்க, எனக்கோசரம் எங்க சாரு ஐஸுக்கு எம்மாந்தூரம் போயி கெஞ்சினாருன்னு."

"ஆமாம்மா" என்றேன்.

அவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். ரோட்டோரம் மிச்சமிருந்த புளியமரங்களை ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். மச்சானும் போய்ச் சேர்ந்தான். அந்த மரம் எங்கே கிடந்தது என்று காட்ட எலவனாசூர்கோட்டையில் இன்று ஆள் கிடையாது. எனக்கே இடம் தெரியவில்லை. அன்றைக்கு ஐஸ் கிடைத்திருக்கும், நான்தான் எடுத்துவரவில்லை என்பதை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். இருட்டிய கண்ணோடு இருபது வருஷத்துக்கு மேல் அவன் அந்த மலையில் உட்கார்ந்திருந்தான். மலைக்குத் தினமும் பஸ் இருந்தது.